வாசலில் நிற்பவருக்குச் சட்டம் இல்லை: கொழும்பு வாடகை வீட்டின் ஒரு சின்ன வரலாறு

போன தவணை முடிஞ்ச கையோட ஆறு மாதப் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. எங்கட பீடத்தில் இருந்து நானும் இரண்டு சிநேகிதிகளும். மூன்று பேரும் சேர்ந்து ஒரு அனெக்ஸ் எடுக்கலாம் எண்டு முடிவெடுத்தோம். வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடையில எங்கயாவது ரெண்டு அறை, ஒரு குசினி, தனிவாசல். அவ்வளவுதான் தேவை.

விளம்பரங்களைப் பார்த்து வட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டேன். முழுப் பேர், என்ன படிக்கிறோம், எத்தனை பேர், எத்தனை மாதம் எல்லாம் மரியாதையாக எழுதி. இருபது இடத்துக்கு மேல அனுப்பியிருப்பன். பெரும்பாலானதில் நீல டிக் விழுந்தது, பதில் வரேல்லை. பதில் போட்ட ஒரு சிலரும் முதலில் கேட்டது வாடகையைப் பற்றியோ முற்பணத்தைப் பற்றியோ இல்லை. ஒருவர் சிங்களத்தில் "கம கொஹெத?" எண்டார். இன்னொருவர் தமிழில் "எந்த இடம் பிள்ளை?" எண்டார். யாழ்ப்பாணம் எண்டதும் முதலாமவர் யோசிச்சுச் சொல்லுறதாகச் சொன்னார், பிறகு சொல்லவேயில்லை. இரண்டாமவர் "யாழ்ப்பாணத்தில எங்க?" எண்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்தக் கேள்விக்குப் பிறகு வாறன்.

கம்பஸில் வேற பீடத்தில் படிக்கிற ஒரு சிங்களச் சிநேகிதி, பதில் வராத மூன்று இடங்களுக்கு அதே விவரங்களைத் தன்ர பேரில் சிங்களத்தில் அனுப்பிப் பார்த்தாள். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு இடத்தில் இருந்து பதில் வந்தது. இதை ஆய்வு எண்டு சொல்ல மாட்டன். மூன்று மெசேஜ் ஒன்றையும் நிரூபிக்காது. அவளுடைய சிங்களம் என்னுடைய ஆங்கிலத்தை விட அந்த வீட்டுக்காரருக்கு நெருக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் பதில் கிடைக்காத ஆளுக்கு என்ன காரணம் எண்டு தெரியவே வராது. மறுத்திருந்தால் கோபப்படலாம், வாதாடலாம். பதிலே இல்லாட்டி என்ன செய்யிறது?

வரலாறு படிக்கிற ஆள் எண்டபடியால் என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான். இந்தக் கேள்வியும் இந்த மௌனமும் எங்க இருந்து வந்தது எண்டு பின்னால போய்ப் பார்க்கிறது.

*சமறிக் காலம்*

யாழ்ப்பாணத்துக்கான ரயில் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை முழுமையாகியது. இங்கிலீஷ் படித்த பெடியன்கள் அரசாங்க உத்தியோகத்துக்குக் கொழும்புக்குப் போவது அதன் பின் இன்னும் இலகுவானது. திருமணமாகாத எழுதுவினைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒரு ஆளை வைத்து, செலவைப் பங்குபோட்டு வாழ்ந்தார்கள். அதுக்குப் பேர் சமறி. எங்கட தாத்தாமாரின் தலைமுறையில் கொழும்பில் வேலை பார்த்த ஆரைக் கேட்டாலும் ஒரு சமறிக் கதை இருக்கும்.

சமறியில் இடம் எடுப்பதற்கு விளம்பரம் தேவைப்படவில்லை. அண்ணனோ, ஒன்றுவிட்ட மாமாவோ, பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே படித்தவரோ முதலே அங்கே இருப்பார். அவர் ஒரு கடிதம் போட்டால் இடம் கிடைக்கும். "ஆர், எவர்" என்ற கேள்விக்கு இடமே இல்லை, ஏனென்றால் அதுக்கான பதில் தெரிந்த ஆளுக்குத்தான் கடிதமே போகும். இன்றைக்கு நாங்கள் இனிமையாக நினைத்துப் பார்க்கிற அந்தச் சமறிக்கும் ஒரு வாசல் இருந்தது. கடிதம் போட ஆள் இல்லாதவருக்கு அது திறக்கவில்லை.

*வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம்*

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விலைகள் ஏறிக்கொண்டிருந்தபோது, 1942 இல் இலங்கையில் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வாடகையை நினைத்தபடி கூட்ட முடியாது, குடியிருப்பவரை நினைத்தபடி எழுப்ப முடியாது என்பதுதான் அதன் சாரம். போர் முடிந்தது, சுதந்திரமும் வந்தது, ஆனால் சட்டம் போகவில்லை. 1948 இல் அது புதிய சட்டமாக வந்தது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. வாடகை கட்டாமல் விட்டால், வீட்டுக்காரருக்கே குடியிருக்க வீடு நியாயமாகத் தேவைப்பட்டால், அனுமதியில்லாமல் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டால் என்று, எழுப்புவதற்கான காரணங்களைச் சட்டமே வரையறுத்தது. பிணக்குகளைப் பார்க்க வாடகைச் சபைகள் இருந்தன.

அடுத்த வருடமே, 1973 இல், வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் வந்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். ஒரு குடும்பம் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்று ஒரு எல்லை போடப்பட்டது. மிச்ச வீடுகளை அதில் குடியிருந்தவர்களே வாங்குவதற்கு வழி ஏற்படுத்தப்பட்டது. கொழும்பில் அதுவரை வாடகைக்கு இருந்த எத்தனையோ குடும்பங்கள் சொந்த வீட்டுக்காரர் ஆனது இப்படித்தான். இதைச் சின்ன விசயமாக நான் நினைக்கவில்லை. வீடில்லாதவர் பக்கம் நின்று எழுதப்பட்ட சட்டங்கள் எங்கட நாட்டில் நிறைய இல்லை.

ஆனால் இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஒருவரை உள்ளே விட்டால் பிறகு எழுப்ப முடியாது, வழக்குப் போட்டால் வருசக்கணக்கில் இழுபடும், வீடே கைவிட்டுப் போகவும் கூடும் என்றால், வீட்டுக்காரர் என்ன செய்வார்? உள்ளே விடும் முன்னர் ஆளை நல்லாப் பார்ப்பார். வாடகையால் தெரிவு செய்ய முடியாதபோது, ஆளைப் பார்த்துத் தெரிவு செய்வார். வெளிநாட்டுக்காரருக்கோ கொம்பனிக்கோ கொடுத்தால் ஒரு நாள் திரும்பிப் போவார்கள் என்று நினைப்பார். தெரிந்தவர் மூலம் வருபவரை மட்டும் எடுப்பார். 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்கள் பெருமளவு வீடுகளை வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்து விலக்கின. இன்றைக்கு நாங்கள் எடுக்கிற அனெக்ஸுகளுக்கு வாடகையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. கட்டுப்பாடு போன பிறகும், ஆளை அளந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை.

இந்தச் சட்டங்களை வரிசையாக வாசிக்கும்போது எனக்குப் பட்டது இதுதான்: அவை எல்லாம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவரைக் காப்பாற்றின. வாசலில் நின்று "வீடு இருக்கா?" என்று கேட்பவரைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை.

*வீடு அடையாளமாகியபோது*

வீட்டுக்காரரின் கேள்வியைச் சட்டம் மட்டும் உருவாக்கவில்லை. 1958 கலவரத்தின்போது கொழும்பில் இருந்த தமிழர்கள் அகதிகளாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். 1977 இலும் அடி விழுந்தது. 1983 ஜூலையில் வந்த கும்பல்களிடம் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்த வீட்டில் தமிழர் இருக்கிறார் என்பது தாளில் இருந்தது. தமிழர் குடியிருந்த வீடு சிங்களவருக்குச் சொந்தமானது என்று தெரிந்தால், வீட்டை விட்டுவிட்டுத் தளபாடங்களை மட்டும் தெருவுக்கு இழுத்து எரித்த இடங்களும் உண்டு. சொந்தக்காரர் ஆர், குடியிருப்பவர் ஆர் என்ற வித்தியாசம் அந்த ஒரு கிழமையில் உயிரோடு சம்பந்தப்பட்டதாக மாறியது.

அதன் பிறகு ஒரு சாதாரண வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு விடுவது என்பது பயத்தோடு சேர்ந்த விசயமானது. எல்லாரும் இனவெறியில் மறுக்கவில்லை. பலர் பயத்தில் மறுத்தார்கள். ஆனால் வாசலில் நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், கதவு திறக்கவில்லை.

யுத்தம் இந்தப் பயத்துக்கு ஒரு படிவத்தைக் கொடுத்தது. வீட்டில் இருப்பவர்களின் பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்கும் அதிகாரம் 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் சேர்ந்தபோது, கொழும்பில் தமிழராக ஒரு அறையில் இருப்பதென்றால் பொலிஸ் பதிவு வேண்டும் என்றானது. அந்தத் துண்டு கையில் இல்லாவிட்டால் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்பது அம்மாவின் தலைமுறைக்கு மனப்பாடம். ஆர் வந்தது, எங்கேயிருந்து, எதுக்கு, எத்தனை நாள் என்ற கேள்விகளை வீட்டுக்காரர் பொலிசுக்காகக் கேட்க வேண்டியிருந்தது. "கம கொஹெத?" என்பது ஒரு சாதாரண நலம் விசாரிப்பு. ரயிலில் பக்கத்தில் இருக்கிறவரும் அதைக் கேட்பார். ஆனால் வீட்டு வாசலில் அது ஒரு படிவத்தின் முதல் நிரலாக மாறியது இந்தக் காலத்தில்தான்.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. வைத்தியத்துக்கு வந்தவர்கள், பாஸ்போட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்கள், வடக்கு கிழக்கில் உயிர்ப் பயத்தில் ஓடி வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் கொழும்பு லொட்ஜுகளில் தங்கினார்கள். வீடு கிடைக்காதவரின் வீடு லொட்ஜ்தான். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடிய முன்னரே பொலிசார் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொட்ஜுகளுக்குள் புகுந்து, "தகுந்த காரணம்" இல்லாமல் தங்கியிருப்பதாகச் சொல்லி 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே இடைக்காலத் தடை வந்தது. சில நாட்களில் அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டியது நீதிமன்றம் தடை போட்ட வேகம். வெளியேற்றியது அரசு, கையில் ஆதாரம் இருந்தது, பஸ் இருந்தது, பட்டியல் இருந்தது. அதனால் ஒரு நாளில் தடை வாங்க முடிந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு "தமிழ் ஆக்களுக்குக் குடுத்தால் பொலிஸ் கரைச்சல்" என்று அமைதியாக மறுத்த வீட்டுக்காரர்களுக்கு எதிராக எந்த மனுவும் போடமுடியாது.

*2019, நீர்கொழும்பு*

இது தமிழருக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அவர்களில் பலர் சொந்த நாட்டில் துன்புறுத்தப்பட்ட அஹ்மதியாக்கள், சிலர் கிறிஸ்தவர்களும்கூட. கும்பலின் மிரட்டலுக்குப் பயந்து வீட்டுக்காரர்கள் போகச் சொன்னார்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் குழந்தைகளோடு படுத்தார்கள். தாக்குதலுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எழுப்பினது அரசாங்கம் இல்லை, தனித்தனி வீட்டுக்காரர்கள்.

எங்கட மூன்று பேரில் ஒரு சிநேகிதி முஸ்லிம், அக்கரைப்பற்று. அனெக்ஸ் தேடும்போது தன்ர பேரை மெசேஜில் போடவேண்டாம் எண்டு அவளே சொன்னாள். "நேர பார்த்தால் பிறகு பாத்துக்கொள்ளலாம்" எண்டாள். நான் முதல் ஒரு ஏழு எட்டு மெசேஜில் அவளின்ர பேரைப் போடாமல்தான் அனுப்பினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கு.

*அரசியலமைப்பு எங்கே நிற்கிறது*

1978 அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை, இலங்கைக்குள் எங்கேயும் வதிவிடத்தைத் தெரிவு செய்யும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரஜைக்கும் கொடுக்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாரபட்சம் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு நிறைவேற்றுத்துறை அல்லது நிருவாகத்துறையின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். தனியார் வீட்டுக்காரர் அதுக்குள் வர மாட்டார்.

தனியார் இடங்களையும் தொடுகிற பிரிவு ஒன்று உண்டு, 12(3). கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், தன் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் போவதற்கு இனம், மதம், சாதி போன்ற காரணங்களால் தடை இருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. அந்தப் பட்டியலை நான் பலமுறை வாசித்தேன். தேநீர்க்கடை இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது. வாடகை வீடு இல்லை.

பிரித்தானியாவிலும் இப்படித்தான் நடந்தது. 1965 இல் வந்த இன உறவுகள் சட்டம் ஹோட்டல், உணவகம் போன்ற பொது இடங்களில் பாரபட்சத்தைத் தடுத்தது, வீட்டைத் தொடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து போனவர்கள் லண்டனில் வாடகை அறைக்கு அலைந்த காலம் அது. 1968 இல் வந்த சட்டம்தான் வீட்டையும் வேலையையும் சேர்த்தது. அமெரிக்காவிலும் வீட்டு வாடகையில் பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது அதே 1968 இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு கிழமையில். பொது இடங்களின் கதவுகள் திறந்த பிறகுதான் வீட்டுக் கதவுக்கு முறை வந்திருக்கிறது. எங்களுக்கு அந்த முறை இன்னும் வரேல்லை.

*யாழ்ப்பாணத்தில எங்க?*

இனி அந்த இரண்டாவது வீட்டுக்காரரின் கேள்வி. அவர் வெள்ளவத்தையில் இருக்கிற தமிழர். அவருக்கு இனம் பிரச்சினை இல்லை. "யாழ்ப்பாணத்தில எங்க?", "எந்தக் கோயிலடி?", "அப்பா என்ன செய்யிறார்?" எண்டு அவர் கேட்டது எதுக்கு எண்டு இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். சாதி எண்ட சொல்லை வாயில எடுக்காமலே சாதி கேட்கிற முறை எங்களிட்ட மட்டும்தான் இவ்வளவு பக்குவமாக இருக்கு.

இதிலும் சட்டத்தின் கதை அதேதான். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பாடசாலையிலும் கடையிலும் கோயிலிலும் சாதியின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் வந்து பதினொரு வருசம் கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போவதற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. கோயில் கதவுக்குப் போராடலாம், அது எங்கே இருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். வாடகை அறையின் கதவு ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இருக்கு.

எங்கட வீடு திருநெல்வேலியில, கம்பஸுக்கு நடந்து போகிற தூரம். பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கினதில் இருந்து இந்தப் பக்கத்து வீடுகளில் பாதி போர்டிங்தான். நாங்களும் பின்பக்கத்து ரெண்டு அறையைப் பிள்ளைகளுக்குக் குடுக்கிறம். அந்தக் காசில் ஒரு பங்குதான் என்ர படிப்புச் செலவு.

கொழும்பில் இடம் தேடி அலுத்துப்போய் வீட்டை வந்த ஒரு நாள், அம்மாவின் போனில் மின்சாரப் பில் கட்டப் போய் அவவின்ர வட்ஸ்அப்பைப் பார்த்தன். ஹற்றனில் இருந்து ஒரு பிள்ளை மெசேஜ் போட்டிருந்தாள். முதலாம் வருசம், கலைப்பீடம், பேர், பெற்றோர் விவரம், எல்லாம் மரியாதையாக. நான் கொழும்புக்கு அனுப்பின மெசேஜ் மாதிரியே இருந்தது. பதினொரு நாளாகியிருந்தது. அம்மா வாசிச்சிருக்கிறா, பதில் போடேல்லை.

"ஏனம்மா பதில் போடேல்லை?"

"ஆரெண்டு தெரியாத பிள்ளை. எங்கட ஆக்கள் ஆரும் சொல்லி வரேல்லையே."

"அப்ப இல்லையெண்டாவது சொல்லலாமே?"

"இல்லையெண்டு எப்பிடிப் பிள்ளை முகத்துக்கு நேர சொல்லுறது?"

அம்மா கெட்டவ இல்லை. 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் ஆரெண்டே தெரியாத ஒரு குடும்பத்தின் விறாந்தையில் நாலு மாதம் படுத்தவ அவ. அதை ஞாபகப்படுத்தினேன். "அது வேற காலம்" எண்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, தானாகவே அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதினா. பிந்திப் பதில் போடுறதுக்கு மன்னிக்கச் சொல்லி, இன்னும் இடம் கிடைக்கேல்லையெண்டால் வந்து பார்க்கச் சொல்லி. அவள் அதுக்கிடையில் கொக்குவில்லில் ஒரு இடம் எடுத்துவிட்டாள். "பரவாயில்லை அன்ரி, பதில் போட்டதுக்கு நன்றி" எண்டு அனுப்பியிருந்தாள்.

எங்களுக்கும் கடைசியில் கொழும்பில் இடம் கிடைத்தது. விளம்பரத்தால் இல்லை. சின்னம்மாவோடு வேலை செய்த ஒருவரின் அக்கா வீட்டு மேல்மாடி. கடிதத்துக்குப் பதில் கோல் எடுத்தது மட்டும்தான் வித்தியாசம், மற்றபடி சமறிக் காலத்தில் நடந்ததுதான். அக்கரைப்பற்றுச் சிநேகிதியின் பேரையும் முதலே சொல்லித்தான் எடுத்தோம். கோல் எடுக்க ஒரு சின்னம்மா இல்லாதவர்கள் இப்பவும் நீல டிக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பினம்.

சட்டம் வரவேண்டும். 12(3) இன் பட்டியலில் வாடகை வீட்டையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பது ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. ஆனால் அதுவரைக்கும், வீடும் அறையும் கொடுக்கிற குடும்பங்களில் இருந்து கம்பஸுக்கு வாற எங்களைப் போன்றவர்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. வாற வருசம் எங்கட அறை வெறுமையாகும்போது ஆர் முதல் கேட்டதோ அவருக்கு முதல் இடம், இடம் இல்லாட்டி அதையும் அண்டைக்கே சொல்லவேணும் எண்டு அம்மாவை ஒத்துக்கொள்ள வைச்சிருக்கிறன். "சரி பாப்பம்" எண்டிருக்கிறா. பிறகு மாறிப்போகாமல் இருக்கத்தான் இங்கையும் எழுதி வைக்கிறன்.